சென்னையில் ஆபீசுக்கு சைக்கிள்: வாங்கிய பிறகுதான் வேலையே ஆரம்பம்

ஆபீசுக்கு சைக்கிளில் போகலாம் என்று ஆசையாகப் புது வண்டி வாங்கி, மூன்றாவது வாரமே பழையபடி பைக்குக்குத் திரும்பிவிட்ட நண்பர்கள் எனக்கு நிறைய. ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டால் எல்லோரும் மூன்றே விஷயத்தைத்தான் சொல்கிறார்கள்: முட்டி வலி, வியர்வை, பஞ்சர். இந்த மூன்றுக்கும் வண்டியின் விலைக்கும் சம்பந்தம் இல்லை. முப்பதாயிரம் ரூபாய் வண்டியிலும் சீட்டு தாழ்வாக இருந்தால் முட்டி வலிக்கத்தான் செய்யும். கடையிலிருந்து வருகிற சைக்கிள் யாருக்கும் உரியதில்லை. அதை உங்கள் உடம்புக்கும் உங்கள் வழிக்கும் ஏற்றபடி ஆக்கிக்கொள்வது உங்கள் வேலை, அதற்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.

நான் மடிப்பாக்கத்திலிருந்து துரைப்பாக்கம் போகிறேன், கீழ்க்கட்டளை வந்து பல்லாவரம்-துரைப்பாக்கம் ரேடியல் ரோட்டைப் பிடித்து, ஒரு பக்கம் சுமார் பத்து கிலோமீட்டர். நாற்பது நிமிடம் ஆகும். அந்த அனுபவத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

வண்டிக்கு முன்னால் வழி

கடைக்குப் போவதற்கு முன் உங்கள் வழியை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஞாயிறு காலையில் ஒரு முறை, வேலை நாளில் நீங்கள் போகிற அதே நேரத்தில் ஒரு முறை. பைக்கிலோ பஸ்ஸிலோ போனாலும் பரவாயில்லை. எங்கே ரோடு தோண்டிக் கிடக்கிறது, எங்கே பஸ் ஸ்டாப்பில் ஷேர் ஆட்டோ மொய்க்கிறது, மெயின் ரோட்டுக்குப் பதிலாக உள்தெரு எங்கே கிடைக்கிறது என்று பாருங்கள். பைக்கில் போகும்போது நல்லதாகத் தெரிகிற வழி சைக்கிளுக்கு நல்ல வழியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கிலோமீட்டர் சுற்று ஆனாலும் கனரக வாகனம் குறைந்த தெருவே மேல்.

வெயிலும் காற்றும் எந்தப் பக்கம் என்பதையும் கணக்கில் எடுங்கள். வீடு மேற்கிலும் ஆபீஸ் கிழக்கே ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கமும் இருந்தால், காலையில் சூரியன் நேரே முகத்தில், மாலையிலும் நேரே முகத்தில். உங்களுக்குக் கண் கூசும் அதே நேரத்தில் உங்கள் பின்னால் வருகிற டிரைவருக்கும் கூசும், அதை மறக்கக் கூடாது, பகலிலும் பின்விளக்கை எரியவிடச் சொல்வது அதனால்தான். இந்த வழிக்கு ஒரு நல்ல பக்கமும் இருக்கிறது. மதியத்துக்கு மேல் கிளம்புகிற கடல்காற்று வீடு திரும்பும்போது முதுகைத் தள்ளும். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரமாகப் போகிற அந்த நீளத்தில் காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது, சாயங்காலம் அங்கே மிதிக்காமலே வண்டி ஓடுகிற மாதிரி இருக்கும். ஆபீஸ் மேற்கிலும் வீடு கடற்கரைப் பக்கமும் இருப்பவர்களுக்கு இது அப்படியே தலைகீழ், களைத்துத் திரும்புகிற நேரத்தில் எதிர்க்காற்று. அவர்கள் கியர் உள்ள வண்டி வாங்குவது நல்லது.

எந்த வண்டி

சென்னை தட்டையான ஊர், ஏற்றம் என்றால் மேம்பாலம்தான். 21 கியர் யாருக்கும் தேவையில்லை. ஒரு சின்னக் கணக்கு: ஒற்றை கியர் வண்டி, முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 26 இன்ச் சக்கரம் என்றால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி கிட்டத்தட்ட 5 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 60 சுற்று, அதாவது மூச்சு வாங்காத வேகத்தில் மிதித்தாலே மணிக்கு 18 கிலோமீட்டர் வந்துவிடும். நம் சிக்னல்களுக்கு அதுவே அதிகம். எதிர்க்காற்றோ மேம்பாலமோ பாரமான பையோ இருந்தால் பின்னால் மட்டும் 7 கியர் உள்ளதாக எடுங்கள், போதும்.

முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க் வைத்த வண்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். வேண்டாம். விலை குறைந்த வண்டிகளில் அந்த ஃபோர்க்கே இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், நீங்கள் மிதிக்கிற மிதியில் கொஞ்சத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும், இரண்டு மழைக்காலம் கண்டால் துருப்பிடித்து இறுகிவிடும். குண்டு குழியைத் தாங்க வேண்டியது டயர், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மட்கார்டும் கேரியரும் மாட்ட ஃபிரேமில் திருகுத்துளை இருக்கிறதா என்று மட்டும் வாங்கும்போதே பாருங்கள். பல 'ஸ்டைல்' வண்டிகளில் அது இருக்காது. ஃபிரேமுக்கு மேலே கால் பரப்பி நின்றால் குறுக்குக் குழாய்க்கும் உங்களுக்கும் நடுவே குறைந்தது இரண்டு விரல் இடைவெளி வேண்டும்.

பழைய வண்டி வீட்டில் கிடந்தால் அதையே எடுங்கள், சந்தோஷமாக எடுங்கள். டிஐ சைக்கிள்ஸ் 1949இல் அம்பத்தூரில் தொடங்கிய கம்பெனி, அதன் ஹெர்குலஸும் பிஎஸ்ஏவும் ஓடாத தெரு இந்த ஊரில் கிடையாது. அந்த வண்டிகளுக்குப் பிரேக் கட்டை, போக்கம்பி (ஸ்போக்ஸ்), அச்சில் போடுகிற பால்ஸ், செயின் எல்லாம் எந்தத் தெருமுனைக் கடையிலும் கிடைக்கும். நாலைந்து வருஷம் சும்மா நின்ற வண்டி என்றால் ஒரு தடவை முழுசாக ஓவராயில் பண்ணி, டயர், டியூப், பிரேக் ஒயர், பிரேக் கட்டை நாலையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் ரப்பர் காய்ந்திருக்கும்.

சீட்டு: முட்டியைக் காப்பாற்றுவது இதுதான்

நான் ஆரம்பித்த புதிதில் பத்து நாளிலேயே முட்டிக்கு முன்பக்கம் வலி வந்தது. கழன்ற மட்கார்டை மாட்ட எங்கள் தெருமுனை சைக்கிள் கடைக்குப் போனபோது கடைக்கார அண்ணன் நான் ஓட்டிவருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, சீட்டு இவ்ளோ கீழ இருந்தா முட்டி போய்டும்."

"இல்லண்ணே, சிக்னல்ல கால் தரையில படணும்ல?"

"சிக்னல்ல சீட்ட விட்டு முன்னால எறங்கி நில்லுங்க. சீட்டு ஓட்டறதுக்கு தம்பி, நிக்கறதுக்கு இல்ல."

ஸ்பேனரை எடுத்து நாலு விரல் உயரம் ஏற்றிவிட்டார். அடுத்த வாரம் வலி இல்லை. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலானோர் இந்தத் தவறைத்தான் செய்கிறார்கள், இரண்டு காலும் தரையில் பாவ வேண்டும் என்று சீட்டை இறக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

செய்முறை இதுதான். வண்டியைச் சுவரோரமாக நிறுத்தி, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஆபீசுக்குப் போடுகிற அதே செருப்போ ஷூவோ போட்டு சீட்டில் ஏறி உட்காருங்கள். பெடலைப் பின்னோக்கிச் சுற்றி ஒரு பக்கம் அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். குதிகாலைப் பெடல்மேல் வைத்தால் கால் நேராக நீண்டிருக்க வேண்டும், இடுப்பு அந்தப் பக்கம் சாயக் கூடாது. கால் மடங்கியிருந்தால் சீட்டை ஏற்றுங்கள், எட்டவில்லை என்றால் இறக்குங்கள். இப்போது வழக்கமாக மிதிப்பதுபோல முன்பாதத்தைப் பெடலில் வைத்தால் முட்டியில் லேசான மடிப்பு மட்டும் இருக்கும். அதுதான் அளவு. சந்தேகம் இருந்தால் இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள்: வெறுங்காலில் சுவரோரம் நின்று கவட்டிலிருந்து தரைவரை அளந்து, அதை 0.88ஆல் பெருக்கினால் வருவதுதான், இரண்டு பெடல் தண்டும் சேர்ந்து சுழலும் நடு அச்சிலிருந்து சீட்டின் மேல்பகுதிவரை இருக்க வேண்டிய தூரம். 78 சென்டிமீட்டர் கால் என்றால் 69க்குப் பக்கம் வரும்.

ஒரேயடியாக ஏற்றினால் பயமாக இருக்கும், இரண்டு நாளுக்கு ஒரு விரல் என்று ஏற்றுங்கள். சீட்டுக் குழாயில் 'இதற்கு மேல் ஏற்றக் கூடாது' என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள், அந்தக் கோடு வெளியே தெரியக் கூடாது, தெரிந்தால் நீளமான குழாய் வாங்கிப் போடுங்கள். முட்டிக்கு முன்னால் வலித்தால் சீட்டு தாழ்வு, முட்டிக்குப் பின்னால் இழுத்துப் பிடித்தால் சீட்டு உயரம், பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். சீட்டை மட்டமாக வையுங்கள். மூக்கு கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி பாரம் முழுவதும் கைக்குப் போய் விரல் மரத்துப்போகும்.

உயரமான சீட்டில் ஏறுவதும் இறங்குவதும் ஒரு பழக்கம். ஃபிரேமுக்கு மேல் நின்று, வலது பெடலை முன்னால் மேலே வைத்து, அதை அழுத்தும்போதே உடம்பு எழும்பி சீட்டில் உட்காரும். நிற்கும்போது பிரேக்கைப் பிடித்து, சீட்டை விட்டு முன்னால் நழுவி, இடது காலை ஊன்றுங்கள். தெருவில் பத்து தடவை செய்து பார்த்தால் கை வந்துவிடும்.

டயரும் காற்றும் பஞ்சரும்

சென்னை ரோட்டுக்கு அகல டயர்தான். 700 அளவு சக்கரம் என்றால் 35 முதல் 40 மில்லிமீட்டர், 26 இன்ச் என்றால் 1.75 முதல் 1.95. மண் ரோட்டுக்கான பெரிய கட்டை வைத்த டயரில் தார் ரோட்டில் மிதித்தால் 'உர்ர்' என்று ஒரு சத்தம் வரும், அது உங்கள் உழைப்பு வீணாகும் சத்தம். வழவழப்பான டயருக்கு மாற்றுங்கள். ஒரு வண்டிக்கு ஒரே ஒரு செலவு செய்ய முடியும் என்றால் நான் அதைத்தான் செய்வேன்.

காற்று எவ்வளவு என்பது டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். 26 இன்ச் அகல டயருக்கு எழுபது கிலோ ஆள் என்றால் 45 பிஎஸ்ஐ சுமாராகச் சரி, பின்சக்கரத்துக்குக் கொஞ்சம் கூட. சைக்கிள் டியூபில் காற்று தானாகவே கசியும், அதனால் வாரம் ஒரு தடவை அடித்தே ஆக வேண்டும். காற்று குறைந்த டயர் குழியில் விழும்போது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை பக்கத்தில் பக்கத்தில் விழும், ஆணியே குத்தாமல் பஞ்சர். அளவுமானி வைத்த கால்பம்பு ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

வாங்கும்போது வால்வையும் பாருங்கள். பைக் டயரில் இருப்பது மாதிரியான தடித்த வால்வு என்றால் பெட்ரோல் பங்கிலேயே காற்று பிடிக்கலாம். பழைய வண்டிகளில் இருப்பது வால்டியூப் போட்ட வால்வு. காற்று இறங்குகிறது, ஆனால் டியூபில் ஓட்டை இல்லை என்றால் பெரும்பாலும் அந்தச் சின்ன ரப்பர் குழாய்தான் இற்றுப்போயிருக்கும். புதுசு மாட்டினால் தீர்ந்தது.

பஞ்சர் ஆனால் வழியில் ஒட்டிக்கொண்டு நிற்காதீர்கள், டியூபையே மாற்றிவிடுங்கள். பையில் ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், சின்ன பம்பு, சக்கரத்தின் நட்டுக்கு 15ஆம் நம்பர் ஸ்பேனர். இதை முதன்முதலாக ரோட்டோரத்தில் செய்து பார்க்காமல், வீட்டு வாசலில் ஒரு ஞாயிறு பழகிக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றி, வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் லீவரை நுழைத்து, டயரின் ஒரு விளிம்பை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுத்து டியூபை உருவுங்கள். புது டியூபைப் போடுவதற்கு முன் டயரின் உள்பக்கம் முழுக்கக் கைக்குட்டையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், குத்தினது அங்கேயேதான் இருக்கும். எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் லாரி டயரிலிருந்து உதிர்ந்த முடி மாதிரி மெல்லிய கம்பி. வெளியே கண்ணுக்குத் தெரியாது, துணியில் மாட்டி இழுக்கும். அதை எடுக்காமல் புது டியூபைப் போட்டால் அரை கிலோமீட்டரில் அதுவும் போய்விடும். புது டியூபில் கொஞ்சம் காற்று ஊதி உருண்டையாக்கி உள்ளே வைத்து, டயர் விளிம்பைக் கட்டைவிரலாலேயே தள்ளி ஏற்றுங்கள். லீவரால் நெம்பினால் டியூபைக் கடித்துவிடும். பழைய டியூபைச் சாயங்காலம் கடையில் கொடுத்து ஒட்டி வாங்கிக்கொள்ளலாம்.

மாட்ட வேண்டியவை

மட்கார்டு இரண்டு சக்கரத்துக்கும், முழு நீளம். வெயில் காலத்தில் இது எதற்கு என்று தோன்றும், ரோட்டில் தண்ணி லாரி சிந்திக்கொண்டே போகிற ஊர் இது.

கேரியர் மாட்டி, பையை அதில் வையுங்கள். முதுகில் பை மாட்டினால் சட்டை நனைவது நிச்சயம். வியர்வைப் பிரச்சினையில் பாதி இந்த ஒரு மாற்றத்தில் தீரும். லேப்டாப் என்றால் கேரியரின் பக்கவாட்டில் தொங்குகிற பை நல்லது, மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கிறதா என்று பார்த்துக் கொஞ்சம் பின்னால் தள்ளி மாட்டுங்கள்.

பின்விளக்கை எல்லோரும் சீட்டுக் குழாயில் மாட்டுகிறார்கள், கேரியரில் பை வைத்ததும் அது மறைந்துபோகிறது. கேரியரின் கடைசி விளிம்பில் மாட்டுங்கள். முன்விளக்கு ரோட்டைப் பார்க்கட்டும், எதிரில் வருகிறவர் கண்ணைப் பார்க்கக் கூடாது. இருட்டிய பிறகு முன்விளக்கு மினுக்க வேண்டாம், நிலையாக எரியட்டும், மினுக்குகிற வெளிச்சத்தில் குழி தெரியாது. வலது கைப்பிடியில் ஒரு கண்ணாடி, நம்மை முந்துகிற வண்டிகள் எல்லாம் வலது பக்கம்தான் வருகின்றன. பழைய 'டிரிங்' பெல் ஒன்று. ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல் மேலே நெற்றியை மூடி உட்கார வேண்டும், பின்னந்தலையில் தொங்கினால் பிரயோஜனம் இல்லை.

பெடல் மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள், இடது பெடலின் மரை (திருகு வரி) தலைகீழ். மற்ற திருகெல்லாம் வலப்பக்கம் சுற்றினால் இறுகும், இது இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். தெரியாமல் முறுக்கி மரையைக் கெடுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மழைக்காலம்

அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை ஒரே விதிதான் எனக்கு: தரை தெரியாத தண்ணீரில் வண்டியை விடுவதில்லை. ஒரு நவம்பர் காலை, வேளச்சேரிப் பக்கம் கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று போனேன். அடியில் மூடி விலகிய குழியில் முன்சக்கரம் இறங்கி, ஹேண்டில்பாருக்கு மேலாக விழுந்தேன். மணிக்கட்டு பிசகி மூன்று வாரம் ஆனது. பின்னால் வண்டி வராதது என் நல்ல நேரம். அன்றிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன், இல்லையென்றால் பஸ். இந்த விஷயத்தில் தயவுசெய்து துணிச்சல் காட்டாதீர்கள்.

ரிம்மைப் பிடிக்கிற பிரேக் மழையில் உடனே பிடிக்காது, முதல் ஒன்றிரண்டு சுற்று தண்ணீரைத் துடைக்கவே போகும். நிறுத்த வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே லேசாக அழுத்தத் தொடங்குங்கள். மழையிலும் விடாமல் ஓட்டப்போகிறவர் என்றால் டிஸ்க் பிரேக் வண்டி எடுப்பது நல்லது, ஆனால் அந்தத் தட்டில் எண்ணெய் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது.

நனைந்த வண்டியை அப்படியே நிறுத்தினால் செயின் ஒரே ராத்திரியில் சிவந்துவிடும், திருவான்மியூர், பெசன்ட் நகர்க்காரர்களுக்கு மழையே வேண்டாம், உப்புக்காற்று போதும். துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு செயின் ஆயில் விட்டு, பெடலைச் சுற்றி, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வேலை செய்ய வேண்டியது கண்ணிக்கு உள்ளே, வெளியே நின்றால் மண்ணைத்தான் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுபிசுத்துப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தின் அச்சு மூழ்குகிற அளவுக்குத் தண்ணீரில் போயிருந்தால் கடையில் பிரித்து கிரீஸ் மாற்றச் சொல்லுங்கள்.

வியர்வை

அக்னி நட்சத்திரத்தில் வியர்க்காமல் போக வழியில்லை, அதை ஏற்றுக்கொண்டு ஏற்பாடு செய்வதுதான் முறை. ஏழு, ஏழரைக்குள் கிளம்புங்கள். கடைசி ஒரு கிலோமீட்டரைப் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம் நிழலில் நின்று, உடம்பு ஆறிய பிறகு முகம் கழுவி, ஈரத் துண்டால் துடைத்து, சட்டை மாற்றுங்கள். ஆறுவதற்கு முன் மாற்றினால் புதுச் சட்டையும் நனையும். திங்கட்கிழமை பஸ்ஸிலோ பைக்கிலோ வந்து வாரத்துக்கான சட்டைகளையும் துண்டையும் ஆபீசில் வைத்துவிட்டால் மற்ற நாளில் சைக்கிளில் பாரம் இல்லை.

ரோட்டில்

ஆரம்பத்தில் வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும் போதும். ரோட்டின் ஓரத்தை ஒட்டி ஓட்டாதீர்கள், மண்ணும் கண்ணாடித் துண்டும் சாக்கடை மூடியும் அங்கேதான். ஓரத்திலிருந்து ஒரு கை நீளம் தள்ளி, நேர்கோட்டில் போங்கள். நிற்கிற காரிலிருந்தும் அதே தூரம், எந்த நேரத்தில் கதவைத் திறப்பார்கள் என்று தெரியாது. பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் நடுவே இடம் இருந்தாலும் நுழையாதீர்கள், பஸ் இடது பக்கம் ஒடிப்பது உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அங்கே இருப்பது டிரைவருக்குத் தெரியாது. ஆட்டோ வேகம் குறைத்தால் நிற்கப்போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ராங் சைடில் பைக் வந்தால் அவருக்கு வழிவிடுகிறேன் என்று பின்னால் பார்க்காமல் நடு ரோட்டுக்கு விலகக் கூடாது, நின்றுவிடுவதே நல்லது.

ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம்

காற்று அடிக்கவும். இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், பிரேக் லீவர் கைப்பிடியைத் தொட்டால் ஒயரை இழுக்க வேண்டும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி விடுங்கள், பிரேக் கட்டையில் ஒரே இடத்தில் உரசினால் கோட்டம் எடுக்க வேண்டும். போக்கம்பிகளை விரலால் ஒவ்வொன்றாகச் சுண்டுங்கள், ஒன்று மட்டும் தொளதொள என்றிருந்தால் உடைவதற்கு முன் கடைக்குப் போங்கள். செயினுக்கு எண்ணெய், கேரியர் நட்டுக்கு ஒரு முறுக்கு.

பூட்டுக்குக் கொஞ்சம் நல்ல காசு செலவழியுங்கள், ஃபிரேமையும் பின்சக்கரத்தையும் சேர்த்து அசையாத கம்பியோடு பூட்டுகிற இரும்பு யு-பூட்டு. சீட்டிலும் முன்சக்கரத்திலும் கையாலேயே கழற்றுகிற நெம்புகோல் இருந்தால் எடுத்துவிட்டு நட்டு போடச் சொல்லுங்கள். பூட்டின் இரண்டாவது சாவியை இன்றைக்கே ஆபீஸ் டிராயரில் வைத்துவிடுங்கள்.